படம் எங்கே கெட்டது? உள்ளுணர்வு ஓவியமும் உங்கள் பாணியும் ஒட்டாதபோது

சனிக்கிழமை பின்னேரங்களில் வெள்ளவத்தையில் என் வீட்டு விறாந்தையில் ஏழெட்டுப் பேர் படம் கீற வருவார்கள். வங்கியில் வேலை செய்யும் ஒருவர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர். யாரும் புதிதாகத் தூரிகை பிடித்தவர்கள் அல்லர். ஒவ்வொருவருக்கும் பல வருடம் பழகிய ஒரு கை இருக்கிறது. திட்டமில்லாமல், மனம் போன போக்கில் வரைந்து பார்க்கும் ஆசையும் இருக்கிறது. இரண்டையும் ஒரே கன்வஸில் இறக்கியதும் வருகிற முறைப்பாடு மட்டும் மாறுவதே இல்லை. "அக்கா, தொடங்கேக்க நல்லாத்தான் இருந்தது. பிறகு என்னவோ நடந்திட்டுது."

அந்த "என்னவோ"வைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் குறிப்பு. உங்கள் படத்தில் தெரிகிற கோளாறு எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். ஆனால் முதலிரண்டு பகுதிகளைத் தாண்டிவிடாதீர்கள்.

எது எதோடு சேர்கிறது

உள்ளுணர்வு ஓவியம் என்று இங்கே நான் சொல்வது மந்திரம் எதுவும் இல்லை. பென்சில் கோடு, மாதிரிப் படம் எதுவும் இல்லாமல் வர்ணத்தை நேரே வைப்பது. வைத்ததைப் பார்த்து அடுத்ததை வைப்பது. படம் என்னவாகப் போகிறது என்பதைப் பாதிவழியில்தான் தெரிந்துகொள்வது.

பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கீர்த்தனை ஏற்கெனவே அமைத்து வைத்தது. ஆலாபனையும் நிரவலும் கற்பனாஸ்வரமும் மனோதர்மம், அந்தந்த நேரத்தில் பாடுகிறவரின் மனத்திலிருந்து வருவது. ஆலாபனை பாடுகிறவர் அடுத்த சங்கதியை எழுதி வைத்துக்கொண்டு மேடைக்கு வருவதில்லை. ஆனாலும் கல்யாணி ராகம் பாடும்போது அதில் இல்லாத சுத்த மத்திம ஸ்வரத்தைத் தொடமாட்டார். அங்கே ராகம் செய்கிற வேலையைத்தான் படத்தில் உங்கள் பாணி செய்ய வேண்டும். நீங்கள் இயல்பாகப் போடும் கோடு, திரும்பத் திரும்பக் கை போகிற நிறம், வெற்றிடம் விடுகிற விதம் எல்லாம் சேர்ந்ததுதான் பாணி. அதைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்தால்தான் உள்ளுணர்வு வரும் என்று சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வருகின்றன: எந்தக் கட்டத்தில் எந்தக் கை தூரிகையைப் பிடித்தது என்பதில். தளர்ந்த கை முதலில் போக வேண்டும். பிறகு கண் பார்க்க வேண்டும், வேண்டியதைத் தேர வேண்டும். பழகிய கை அதன் பின்னர்தான். இந்த வரிசை குழம்பியது எங்கே என்பதைத்தான் கீழே தேடப்போகிறோம்.

முதலில் ஒரு சோதனை

தூரிகை மாற்றும் ஒவ்வொரு தடவையும், நிறம் மாற்றும் ஒவ்வொரு தடவையும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஒரே இடத்தில் நின்று, ஒரே யன்னல் வெளிச்சத்தில். முடிந்த பிறகு அவற்றை வரிசையாகப் பார்த்து, கடைசியாக எந்தக் கட்டம் உங்களுக்குப் பிடித்திருந்தது என்று கண்டுபிடியுங்கள். கோளாறு அதற்கு அடுத்த படத்தில் இருக்கிறது. இது இல்லாவிட்டால் ஊகிப்பதுதான் மிச்சம்.

இதைச் சொன்னால் "அப்ப அது உள்ளுணர்வு இல்லையே" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கியின் 'கொம்பசிஷன் 7' என்ற பெரிய படம் 1913 நவம்பர் கடைசியில் நான்கே நாட்களில் வரையப்பட்டது. பார்த்தால் புயல் அடித்தது போல இருக்கும். அந்த நான்கு நாட்களுக்கு முன்னால் முப்பதுக்கு மேற்பட்ட முன்வரைவுகள் செய்திருந்தார். படம் வளர்ந்த கட்டங்களை அவருடைய துணைவியும் ஓவியருமான கபிரியேலே மூண்டர் கமராவில் பிடித்தும் வைத்தார். கண்டின்ஸ்கிக்குக் குறைச்சல் இல்லாத வேலை நமக்கும் குறைச்சல் இல்லை.

எடுத்த படங்களில் ஒரு பிரதியைக் கறுப்பு வெள்ளையாக மாற்றியும் வையுங்கள். உடனே தேவைப்படும்.

"எல்லாம் சேறாகிப் போச்சு"

முதலில் தொட்டுப் பாருங்கள், விரல் நுனியால் அல்ல, புறங்கையால். குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது வரும் குளிர்ச்சி அது. அக்ரிலிக் வர்ணம் காய்வது அந்தத் தண்ணீர் வெளியேறுவதைப் பொறுத்தது, கொழும்புக் காற்றோ ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கிறது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரமானால் இடியும் மழையும்தான். அந்த நாட்களில் போத்தலில் எழுதியிருக்கும் காயும் நேரத்தை நம்ப வேண்டாம். மேசை விசிறியைக் கன்வஸுக்கு நேரே திருப்பி வைத்துவிட்டு எழும்பிப் போங்கள். சேறு என்று என்னிடம் வந்த படங்களில் பாதிக்கு மேல் வெறும் அவசரம்தான்.

காய்ந்துதான் இருந்தது என்றால் அடுத்தது குழாய். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நிறமியின் குறியீடு இருக்கும். பி.பி. 29 என்றால் அல்ட்ராமரின் நீலம். பி.வை. 42 மஞ்சள் காவி. பி.ஆர். 101 செங்காவி வகை. ஒரே குறியீடு இருந்தால் ஒரே நிறமி. மலிவான குழாய்களில் இரண்டு, மூன்று குறியீடுகள் ஒன்றாக இருப்பதுண்டு. 'ஹியூ' என்று பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அசல் நிறமிக்குப் பதில் வேறொன்றோ ஒரு கலவையோ உள்ளே இருக்கிறது. அப்படி இரண்டு குழாய்களைக் கலக்கும்போது நீங்கள் இரண்டு நிறம் கலப்பதாக நினைக்கிறீர்கள், பலட்டில் ஐந்தாறு நிறமி சேர்ந்துவிடுகிறது. பி.பி. 15 என்ற தலோ நீலம் இருந்தால் தனியாகக் கவனியுங்கள். குண்டூசித் தலை அளவு போதும், பக்கத்திலுள்ள மஞ்சள் முழுவதையும் விழுங்கிவிடும்.

திட்டமில்லாமல் வரையும்போது கை பெட்டியிலுள்ள எல்லாக் குழாயையும் தேடும். அதனால் ஒவ்வோர் அமர்வும் தொடங்குமுன்பே மூன்று நிறமும் வெள்ளையும் மட்டும் எடுத்து, மிச்சத்தை அலுமாரியில் பூட்டிவிடுங்கள். ஓர் அமர்வில் ஒரு குடும்பம். மஞ்சள், காவி, சிவப்பு முதலில். பிளேன்டீ குடித்துவிட்டு வந்து, காய்ந்த பிறகு, அடுத்த அமர்வில் நீலம், பச்சை. சிவப்பும் பச்சையும் ஈரமாகச் சந்தித்தால் மண்நிறம்தான் வரும், எந்த உள்ளுணர்வாலும் அதைத் தடுக்க முடியாது.

இதெல்லாம் சரியாக இருந்தும் சேறாகத் தெரிகிறதா? கறுப்பு வெள்ளைப் பிரதியைத் திறந்து பாருங்கள். மூலைக்கு மூலை ஒரே சாம்பல் நிறமாக இருந்தால் உங்கள் நிறத்தில் கோளாறில்லை, வெளிச்சமும் இருளும் பிரியவில்லை. கை தளர்ந்து ஓடும்போது எல்லாம் நடுத்தர அளவில் போய் நிற்பது வழக்கம். பலட் கத்தியால் டைட்டேனியம் வெள்ளையில் துளி காவி கலந்து படத்தின் மூன்றில் ஒரு பங்கை மூடுங்கள். எந்தப் பங்கு என்று ரொம்ப யோசிக்க வேண்டாம், மிகக் குறைவாகப் பிடித்த பங்கு. ஓர் இடத்தில் மட்டும் ஆழமான இருட்டு வையுங்கள்.

மிச்சச் சேற்றை அழிக்க வேண்டாம். காலிமுகத்திடலில் மழை கறுத்து நிற்கும் வானத்தில் ஒரு செம்மஞ்சள் பட்டம் எப்படித் தெரியும் என்று பார்த்திருப்பீர்கள். நீல வானத்தில் அதே பட்டம் அப்படித் தெரியாது. சாம்பல் மங்கலுக்குப் பக்கத்தில் தூய நிறம் ஒரு சிட்டிகை வைத்தால் போதும்.

"கீழே ஒரு படம், மேலே இன்னொரு படம்"

அதிகம் வருவது இதுதான். இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

வங்கிக்காரரின் படத்தைச் சொல்கிறேன், அவர் கோபிக்கமாட்டார். இரண்டு மணித்தியாலம் ஊற்றி, வழியவிட்டு, துணியால் ஒற்றி அருமையான ஒரு அடித்தளம் செய்தார். பிறகு சின்னத் தூரிகையை எடுத்து நட்டநடுவில் மல்லிகை வைத்த ஒரு பெண்ணை வரைந்தார். முகம் திருத்தமாக இருந்தது, மூக்குத்தி மின்னியது. ஆனால் முச்சக்கரவண்டிக் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி நின்றாள் அந்தப் பெண். தளர்ந்த கை தன் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டது, பழகிய கை அது போட்டதைத் திரும்பிப் பார்க்காமலே தன் வேலையைத் தொடங்கிவிட்டது. நடுவில் பார்க்கும் கட்டமே இல்லை.

ஒட்டாமல் நிற்பதற்கு நாலு காரணம் தேடுங்கள். உருவத்தின் விளிம்பு சுற்றிவர ஒரே கூர்மையாக இருக்கிறதா? உருவத்தில் இருக்கும் நிறம் அடித்தளத்தில் எங்கேயாவது இருக்கிறதா? அடித்தளத்தைத் தோளிலிருந்து கை வீசிப் போட்டுவிட்டு, உருவத்தை விரல்களால் மட்டும் வரைந்தீர்களா? கடைசியாக, நடுவில் வைத்தது அடித்தளம் கேட்டதாலா, அல்லது எப்போதும் நடுவில் வைத்துப் பழக்கம் என்பதாலா? மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. கோட்டின் வேகம் கண்ணுக்குத் தெரியும். வேகமாக ஓடிய வர்ணத்தின் மேல் ஊர்ந்து போன கோடு வேறொரு நாளில், வேறொருவர் போட்டது போலத் தெரியும்.

திருத்துவதற்கு நான் முதலில் சொல்வது, உருவத்தை வரையாதீர்கள், அதைச் சுற்றி வரையுங்கள். அடித்தளத்தை எட்டடி தள்ளி வைத்து நாற்புறமும் திருப்பிப் பாருங்கள். ஏதோ ஒரு பக்கத்தில் தோளோ, குடமோ, படகோ மறைந்திருக்கும். சோக்குக் கட்டியால் மெல்லக் குறியுங்கள், பிழைத்தால் ஈரத்துணியால் துடைக்கலாம். இப்போது அடியில் இருப்பது தெரியாதபடி மூடக்கூடிய ஒரு நிறத்தை, வெள்ளை கலந்த காவியோ மங்கல் நீலமோ, எடுத்து உருவத்துக்கு வெளியே உள்ள இடத்தை மட்டும் நிரப்புங்கள். உள்ளே எதுவும் செய்ய வேண்டாம். மூடி முடிந்ததும் அடித்தளத்தின் வழிசல்களே சேலையாகவும் தோலாகவும் எழும்பி நிற்கும். உருவத்தின் உடம்பு தளர்ந்த கையின் வேலை, அதன் எல்லை பழகிய கையின் வேலை. இரண்டும் ஒரே இடத்தில் வேலை செய்வதால் பிரித்துப் பார்க்க முடியாது.

மூடும்போது சுற்றிவர அடைத்துவிடாதீர்கள். குறைந்தது மூன்று இடத்திலாவது விளிம்பு கரைந்து, உள்ளும் வெளியும் ஒன்றாகப் போகட்டும். கன்னம் கூர்மையாக இருந்தால் தலைமுடி கரையட்டும், கை தெளிவாக இருந்தால் சேலை மடிப்பு தொலையட்டும்.

ஏற்கெனவே ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது என்றால் எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதில்லை. அடித்தளத்தில் அதிகமுள்ள நிறத்தை அக்ரிலிக் மீடியத்தில் (நிறமி சேராத பசைத் திரவம்) மெல்லியதாகக் கரைத்து, உருவம், பின்னணி இரண்டின் மேலும் சேர்த்து ஒரே வீச்சில் பூசுங்கள். காய்ந்ததும் பெரிய தூரிகையால், நின்றுகொண்டு, உருவத்தின் ஒரு பக்கத்தைக் கடந்து வெளியே ஓடும் இரண்டு மூன்று கோடு போடுங்கள். வங்கிக்காரர் அந்த இரண்டாவதைச் செய்ய ஒரு மாதம் எடுத்தார். மூக்குத்தியை விட மனமில்லை. கடைசியில் மூக்குத்தி போனது, படம் வந்தது.

கோடு எப்படி ஒரு படத்தைச் சேர்த்துப் பிடிக்கும் என்று பார்க்க வேண்டுமானால் பொரளை கோதமி விகாரைக்குப் போங்கள். 1939, 40 காலத்தில் இலங்கை ஓவியர் ஜோர்ஜ் கீற் அதன் சுவர்களில் புத்தரின் வாழ்க்கையை வரைந்திருக்கிறார். அவர் உள்ளுணர்வு முறைக்காரர் இல்லை, நன்றாக யோசித்து வரைந்தவர். ஆனாலும் அந்த வளைகோடு ஓர் உருவத்திலிருந்து அடுத்ததற்கு ஓடிப்போவதைப் பார்த்துவிட்டு வந்து வரைந்தால் கை மாறும். செருப்பைக் கழற்றி வைக்க வேண்டிய இடம் என்பதால் மத்தியானத்தில் போகாதீர்கள், முற்றம் சுடும்.

"முதல் படை நல்லா வந்திட்டுது, இனிக் கை வைக்கப் பயம்"

இது கோளாறு மாதிரித் தெரியாது, ஆனால் படம் மாதக்கணக்காக அலுமாரிக்குப் பின்னால் கிடக்கும். காரணம், தற்செயலாக விழுந்த ஓர் அழகான மூலை. அந்த மூலையைக் காப்பாற்றுவதற்காக மிச்சம் முழுவதும் உயிரில்லாமல் இருக்கும்.

அந்த மூலையைப் போனில் கிட்டவாகப் படம் எடுங்கள். இனி அது உங்களிடம் இருக்கிறது. பிறகு அதே அளவுக் காகிதத்தில் அதை வேண்டுமென்றே திரும்பச் செய்து பாருங்கள்: எவ்வளவு தண்ணீர், எந்தச் சரிவு, எதன் மேல் எது விழுந்தது. மூன்று தடவையில் கைக்கு வந்துவிட்டால் அது உங்கள் பாணியில் சேர்ந்துவிட்டது, காப்பாற்ற வேண்டியதில்லை. வராவிட்டால் அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.

"கை இளகுதே இல்லை"

இங்கே பள்ளிக்கூடத்துக்கும் பங்குண்டு. சாதாரண தரத்துக்குச் சித்திரம் எடுத்தவர்களின் கையைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். முதலில் எல்லைக்கோடு, பிறகு கோட்டுக்கு வெளியே போகாமல் நிறம், இரண்டு பக்கமும் சமமான அலங்காரம். அதைப் பழித்துப் பிரயோசனமில்லை, அந்த ஒழுங்கு மூன்றாவது கட்டத்தில் உதவும். முதல் கட்டத்தில்தான் அது இடைஞ்சல்.

கைக்குப் புத்தி சொல்வதைவிடக் கருவியை மாற்றுவது சுலபம். விளக்குமாற்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு ஈர்க்கை உருவி, நுனிப்பக்கம் சமமாக வரும்படி நூலால் கட்டி, வர்ணத்தில் தோய்த்து வரைந்து பாருங்கள். அது எங்கே போகும் என்று உங்களால் முழுதாகச் சொல்ல முடியாது, அதேசமயம் முற்றிலும் கட்டுக்கடங்காமலும் போகாது. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் தன் பெரிய சுவர்ப்படங்களுக்கு நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கரியைக் கட்டி வரைந்தார். ஓர் எட்டுத் தள்ளி நின்றாலே தோள் வேலை செய்யத் தொடங்கும், விரல் தன் பிடிவாதத்தை விடும். இடது கையால் வரைவதும் ஒரு வழிதான். எனக்கு அது பிடிப்பதில்லை. அலங்கோலமான கோடு வரும், அதில் நான் இருக்கமாட்டேன்.

வெள்ளைக் கன்வஸைப் பார்த்ததும் உறைந்து போகிறவர்களுக்கு உரசல் நல்லது. 1925இல் ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் பிரான்ஸின் கடலோர விடுதி ஒன்றில் மழைநாளில் தரைப்பலகையின் ரேகைகள் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தாராம், அதிலிருந்து படங்கள் எழுந்தன. நம் வீடுகளில் பிரம்புக் கதிரை இருக்கிறது, அரிதட்டு இருக்கிறது, பழைய மரக்கதவு இருக்கிறது. மெல்லிய காகிதமும் மெழுகுக் கட்டியும் போதும். கறைபடிந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் மலையும் ஆறும் போர்க்களமும் தெரியும் என்று லியனார்டோ எழுதி வைத்திருக்கிறார். கொழும்பில் மழைக்காலத்துச் சுவர் இருக்கும்வரை அதற்குப் பஞ்சமில்லை.

"இது நான் கீறின மாதிரி இல்லையே"

கணித ஆசிரியை இப்படிக் கேட்டார். அவருடைய படத்தில் மேலிருந்து வழியும் கோடுகள், அச்சு வைத்த வட்டங்கள், வெள்ளைப் புள்ளி வரிசைகள், ஓரத்தில் ஒரு பறவை. அவர் சொன்னது சரிதான், அது அவருடையது இல்லை. போனில் பார்த்த ஐம்பது காணொளிகளுடையது. திட்டமில்லாமல் வரைவது என்பதற்கே இப்போது ஒரு தோற்றம் வந்துவிட்டது. மனத்தைத் திறந்துவிட்டால் கடைசியாகப் பார்த்ததுதான் முதலில் வெளியே வரும்.

இதற்கு மருந்து பழைய கொப்பிகளில் இருக்கிறது. உங்களுடைய பத்துப் படத்தைத் தரையில் பரப்புங்கள். பிறந்தநாள் அட்டை, தொலைபேசியில் பேசிக்கொண்டு கிறுக்கியது உட்பட. திரும்பத் திரும்ப வருவது எது? ஆசிரியையின் கொப்பிகளில் எல்லா இடத்திலும் குறுகிய சரிவான கோடுகள், நெருக்கமாக, மழை மாதிரி. கரும்பலகையில் எழுதிய கை. ஒரு தாளைப் பன்னிரண்டு கட்டமாக மடித்து, உங்களுக்குச் சொந்தமான பன்னிரண்டு அடையாளங்களை அதில் போட்டு வேலை செய்யும் இடத்தில் ஒட்டி வையுங்கள். இனித் தளர்ந்து வரையும்போது வேறெதையும் தேடாமல் அவற்றை மட்டும் பெரிதாக, சிறிதாக, வேகமாக, தலைகீழாகப் போடுங்கள்.

ஒன்றும் அகப்படவில்லையா? உங்கள் கையெழுத்தை எடுங்கள். தமிழ் எழுதிப் பழகிய கைக்குச் சுழி இயல்பு. ண, ழ, இ என்று கை எத்தனை ஆயிரம் தடவை சுழன்றிருக்கிறது. ஒரு பழைய கடிதத்தை வாசிக்க முடியாத வேகத்தில், முழங்கை நீளத்துக்குத் தூரிகையால் எழுதுங்கள். வருவது எழுத்தாக இருக்காது, ஆனால் நிச்சயமாக உங்களுடையதாக இருக்கும்.

"என்ன செய்தாலும் அதே கடல்தான் வருது"

வரட்டுமே. ஓவியர் ஐவன் பீரிஸ் 1921இல் தெஹிவளையில் பிறந்தவர், திரைப்பட இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் தம்பி. 1950களில் இங்கிலாந்துக்குப் போய், 1988இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அத்தனை வருடமும் அவர் கன்வஸில் கடற்கரையும் மரங்களும் கரையில் நிற்கும் மனிதர்களும் வந்துகொண்டே இருந்தார்கள். கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு இன்று சபுமல் நிலையமாக இருக்கிறது, இவர்கள் இருவரும் சேர்ந்திருந்த 43 குழு என்ற ஓவியர் குழுவினரின் படங்களை அங்கே பார்க்கலாம். பெரிய கலைக்கூடங்களைவிட எனக்கு அந்த வீட்டின் மங்கல் வெளிச்சம் பிடிக்கும்.

ஒரே பொருள் வருவது கோளாறில்லை. ஒரே தீர்வு வருவதுதான் கோளாறு. கடல் எப்போதும் படத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கில், எப்போதும் நீலத்தில், எப்போதும் படுக்கைக் கோட்டில் இருந்தால் உங்கள் கை தூங்கிக்கொண்டு வரைகிறது. ஒன்றை மட்டும் தடை செய்யுங்கள். இந்த மாதம் நீலம் இல்லை. அடுத்த மாதம் தொடுவானம் நெட்டுக்குத்தாக. மூன்றையும் ஒன்றாகத் தடை செய்தால் கடலே போய்விடும், அது வேண்டாம்.

"எங்கே நிறுத்துறது எண்டு தெரியேல்லை"

படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்து இரண்டு நாள் விடுங்கள். மூன்றாம் நாள் காலையில் கண்ணாடியில் பிரதிபலிக்க வைத்துப் பாருங்கள். கண்ணை உறுத்தும் ஓர் இடத்தைக் குறித்துச் சொல்ல முடிந்தால் அதை மட்டும் திருத்தலாம். "கொஞ்சம் இன்னும் அழகாக்கலாம்" என்று மட்டும்தான் தோன்றுகிறதென்றால் தூரிகையைக் கழுவி வைத்துவிடுங்கள். அப்படி அழகாக்கப் போய் நான் கெடுத்த படங்களின் பின்பக்கத்தில்தான் இப்போது நிறச் சோதனை செய்கிறேன்.

உரிகிறது, நெளிகிறது, பூஞ்சணம் பிடிக்கிறது

இது பாணிக் கோளாறில்லை, சரக்குக் கோளாறு. ஆனால் தளர்ந்து வரைகிறவர்களுக்குத்தான் அதிகம் வரும், ஏனென்றால் தண்ணீரைத் தாராளமாக ஊற்றுகிறோம்.

அக்ரிலிக்கில் வர்ணத்தின் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்த்தால் நிறமியைப் பிடித்து வைக்கும் பசை மெலிந்துவிடும். காய்ந்த பிறகு ஈரத்துணியால் துடைத்தால் நிறம் துணிக்கு வந்தால் அதுதான் காரணம். வழியவிட வேண்டுமென்றால் தண்ணீரைக் குறைத்து அக்ரிலிக் மீடியம் சேருங்கள். காகிதம் நெளிந்தால் சதுர மீட்டருக்கு 300 கிராம் தடிப்புள்ளதை வாங்கி, நாலு பக்கமும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டி வரையுங்கள். ஹாட்வெயார் கடையில் வாங்கும் சுவர் எமல்ஷனை, கன்வஸுக்கு முதலில் பூசும் ஜெஸ்ஸோவுக்குப் பதில் பூசலாமா என்று கேட்பார்கள். பழகுவதற்குப் பூசுங்கள், விற்கப்போகிற படத்துக்கு வேண்டாம்.

அடித்தளத்தை அக்ரிலிக்கில் தளர்வாகச் செய்து, மேலே உங்கள் பழகிய வேலையை எண்ணெய் வர்ணத்தில் செய்யலாம். அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் நிற்கும். எண்ணெயின் மேல் அக்ரிலிக் நிற்காது, உரிந்துவிடும். வரிசையை மறந்துவிடாதீர்கள்.

பூஞ்சணத்துக்குக் காரணம் சேமிக்கும் இடம். கடற்கரைப் பக்க வீடுகளில் வெளிச்சுவரோடு படத்தைச் சாய்த்து வைத்தால் ஒரு மழைக்காலம் போதும். உள்சுவர்ப் பக்கம், தரையிலிருந்து உயர்த்தி, படத்துக்குப் படம் காற்றுப் போக இடைவெளி விட்டு வையுங்கள். பொலித்தீனில் இறுக்கிச் சுற்றி வைப்பது இன்னும் மோசம்.

"பத்துப் படமும் பத்துப் பேர் கீறின மாதிரி இருக்கு"

ஒரு படம் தனியாக நன்றாக இருக்கும், சேர்த்து வைக்கும்போதுதான் இது தெரியும். 1993 முதல் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் நடந்துவரும் கலா பொல என்ற திறந்தவெளி ஓவியச் சந்தையில் நடைபாதை நெடுகப் படங்களைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நடந்துபோகிறவர் ஓர் இடத்தில் நின்று பார்ப்பது சில நொடிதான். அந்த நொடிகளில் இது ஒருவருடைய வேலை என்று தெரிய வேண்டும்.

உள்ளுணர்வை அடக்க வேண்டாம், அதைச் சுற்றி ஒரு வேலி போடுங்கள். அடுத்த பத்துப் படத்துக்கும் ஒரே அளவு, ஒரே மூன்று நிறமி, உங்கள் பன்னிரண்டு அடையாளங்களில் ஏதாவது நாலு. வேறு கட்டுப்பாடு இல்லை. ஒரு நாளில் ஒன்றை முடிக்கவும் வேண்டாம். பத்துக் காகிதத்தையும் ஒன்றாக விரித்து, ஒவ்வொரு படையையும் எல்லாவற்றிலும் போட்டுக்கொண்டு வாருங்கள். ஒன்று காய்வதற்குள் அடுத்ததற்குப் போய்விடுவதால் சேறும் குறையும். ஒரு படத்தில் கை கண்டுபிடித்தது பக்கத்துப் படத்துக்கும் தானாகப் போய்ச் சேரும்.

முடிந்ததும் பத்தையும் தரையில் அடுக்கி, ஒரு கதிரையில் ஏறி நின்று பாருங்கள். துருத்திக்கொண்டு நிற்கிற இரண்டை எடுத்துவிடுங்கள். கிழிக்காதீர்கள். என் மாணவர்களில் இரண்டு பேருக்கு அப்படி எடுத்து வைத்த படங்களிலிருந்துதான் அடுத்த வருட வேலை தொடங்கியது.